பலகையை மாற்றுவதற்கு முன்

சுங்கை சிப்புட்

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். பொத்தானை அழுத்தினால் உன் மடிக்கணினியில் விளக்கு எரிகிறது, விசிறி சுழல்கிறது, திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது என்றும், கடைக்காரர் மூடியைக்கூடத் திறக்காமல் மதர்போர்டு, அதாவது எல்லாப் பாகங்களையும் இணைக்கும் தாய்ப்பலகை, போய்விட்டது என்று சொல்லிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் எங்கள் செம்பனை ஆலையில் ஒரு மோட்டார் ஓடாமல் நின்றால், மின்சாரம் எதுவரை வந்து எங்கே தடைபடுகிறது என்று மீட்டரை வைத்துப் பார்க்காமல் மோட்டாரைக் குற்றம் சொல்ல மாட்டோம். உன் கணினியிலும் அது எதுவரை விழித்துக்கொள்கிறது என்பதைத்தான் முதலில் கண்டறிய வேண்டும்.

பொத்தானை அழுத்தி இரண்டு நிமிடம் பொறுத்திரு. பிறகு கேப்ஸ் லாக் விசையைத் தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் அதன் சிறு விளக்கு எரிந்து அணைந்தால், உள்ளே பலகை வேலை செய்கிறது, கோளாறு திரையில்தான் என்று பெரும்பாலும் நம்பலாம். அறையை இருட்டாக்கி, கைப்பேசி விளக்கைத் திரையின்மேல் சாய்வாக அடித்துப் பார். மங்கலாகவேனும் எழுத்து தெரிந்தால், திரைக்குப் பின்னுள்ள ஒளி மட்டும் போயிருக்கிறது. விடுதித் தொலைக்காட்சியில் எச்டிஎம்ஐ கம்பியை இணைத்து அதில் படம் வருகிறதா என்றும் பார். அங்கே படம் வந்துவிட்டால், மூடியைத் திறந்து மூடும் கீலின் வழியாகச் செல்லும் கம்பிமேல் எனக்குச் சந்தேகம் விழும்.

சார்ஜரையும் அப்படியே விட்டுவிடாதே. அதன்மேல் 19 வோல்ட் என்று அச்சிட்டிருந்து, மீட்டரும் 19 காட்டிவிட்டால் அது நல்ல சார்ஜர் என்று ஆகிவிடாது. வெறுமனே இருக்கையில் சரியாகக் காட்டி, பளு ஏறியதும் தொய்ந்துவிடும் சார்ஜர்கள் உண்டு. தோழிகளிடம் அதே வோல்ட், அதே முனை, ஆம்பியர் குறையாத சார்ஜர் இருந்தால் இரவல் வாங்கிப் போட்டுப் பார்.

இத்தனைக்கும் பதில் இல்லாவிட்டால் மட்டுமே அடிமூடியைத் திற. ஒரு தாளில் கணினியின் உருவை வரைந்து, கழற்றும் ஒவ்வொரு திருகையும் அதனதன் இடத்தில் ஒட்டுநாடாவால் ஒட்டி வை; நீளத் திருகைக் குட்டைத் துளையில் முடுக்கினால் நல்ல பலகையும் கெட்டுவிடும். மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தாதே, குத்தாதே. அத்துடன் நிறுத்திவிட்டு எனக்குச் சொல். உப்பவில்லையென்றால் கம்பியைப் பிடித்து இழுக்காமல் இணைப்பை மெல்லக் கழற்றி, சார்ஜரும் இல்லாத நிலையில் பொத்தானை 30 விநாடி அழுத்திப் பிடி. உள்ளே தேங்கிய மின்சாரம் வடிந்த பிறகு, சார்ஜரை மட்டும் மாட்டிப் பார். சில கணினிகள் இதிலேயே எழுந்துவிடுகின்றன.

அடுத்தது ரேம், கணினியின் தற்காலிக நினைவகப் பட்டை. என் கணிப்பில் இதுதான் முக்கியமான சோதனை. மின்சாரத்தை முழுவதும் துண்டித்துவிட்டு, இருபுறமுள்ள கவ்விகளை விலக்கினால் ரேம் தானாகச் சாய்ந்து எழும். அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்து, துகளைத் துடைத்துவிடு. வாயால் ஊதாதே, எச்சில் படும். உடனே திருப்பி மாட்டிவிடாமல், ரேம் இல்லாமலேயே ஒருமுறை கணினியை இயக்கிப் பார். அப்போது அது பீப் ஒலி எழுப்பியோ விளக்கைச் சிமிட்டியோ முறையிட்டால், சிபியு என்ற மையச் செயலியும், கணினியை எழுப்பும் பயோஸ் நிரலும் உயிரோடு இருக்கின்றன என்று பொருள். அதன்பின் ரேமைத்தான் சந்தேகிக்க வேண்டும். எந்த முறையீடும் இல்லையென்றால் கடைக்காரர் சொன்னதற்கு வலு கூடுகிறது. ஆனாலும் அதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளாதே, முறையிடவே தெரியாத மாதிரிகளும் உள்ளன. ரேம் பலகையோடு பற்றவைக்கப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு வழியில்லை. ரேமைத் திரும்ப மாட்டிய பிறகு முதல்முறை எழச் சற்று நேரம் எடுக்கலாம், பதறி அணைத்துவிடாதே.

சிஆர் 2032 என்ற பொத்தான் மின்கலம் உள்ளே இருந்தால் 3 வோல்ட் இருக்கிறதா என்று பார். அது தீர்ந்துபோனால் பெரும்பாலும் கடிகாரம்தான் தவறும்.

அடுத்து, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, கோப்புகளைச் சேமிக்கும் வன்தட்டையும் கழற்றிப் பார். கழற்றிய பிறகு நிறுவன முத்திரை திரையில் வந்துவிட்டால், தடுத்துக்கொண்டிருந்தது அந்தத் தட்டுதான். அப்போது புதிதாக விண்டோஸ் போட யாரையும் விடாதே. தட்டை யூஎஸ்பி உறையில் போட்டு, தோழியின் கணினியில் இணைத்து, உன் ஆய்வேட்டை முதலில் நகலெடு. தட்டு டக் டக் என்று ஒலித்தால் திரும்பத் திரும்ப இயக்கிப் பார்க்காதே, இருப்பதும் போய்விடும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நடந்ததை அவ்வப்போது எழுதி வை. விளக்கு சிமிட்டினால் அதைக் கைப்பேசியில் படம்பிடித்து, அடிமூடியில் ஒட்டியுள்ள மாதிரி எண்ணோடு சேர்த்து அனுப்பு. எத்தனை நீண்ட சிமிட்டல், எத்தனை குறுகிய சிமிட்டல் என்பதை வைத்து அந்தத் தயாரிப்பாளரின் கையேட்டில் நான் தேடிப் பார்க்கிறேன். அதுவரை பலகையை மாற்றச் சம்மதிக்காதே.

அன்புடன்,
அப்பா