அழித்ததையும் சேர்த்தே கொண்டுபோகும் சிங்க்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே சிங்க் (இரண்டிலும் ஒரே ஃபைல்கள் தானாகவே இருக்கும்படி செய்யும் ஏற்பாடு) போட்டுவிட்டால் போன் தொலைந்தாலும் கவலையில்லை, எல்லா ஃபைலும் பத்திரமாக இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். நான் காவேரிப்பட்டணத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன், அந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவன். போன் தொலைவதைப் பற்றி நீங்கள் சொன்னது சரிதான். ஆனால் என் கடைக்கு வருகிறவர்களிடம் கேட்டுப் பார்த்தவரை ஃபைல் போனதற்குப் பெரும்பாலும் காரணம் போன் தொலைந்தது அல்ல, வீட்டிலோ கடையிலோ யாரோ ஒருவர் அழித்துவிட்டதுதான். அந்த இடத்தில் சிங்க் காப்பாற்றாது, அழித்ததை இன்னொரு பக்கத்துக்கும் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதை நம்பி இன்றைக்கே சிங்க் போட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்துத்தான் எழுதுகிறேன்.

இருபக்க சிங்க் என்றால் இந்தப் பக்கம் நடப்பதெல்லாம் அந்தப் பக்கமும் நடக்க வேண்டும் என்று நாம் சொல்லி வைக்கிறோம், அவ்வளவுதான். புது ஃபைல் வந்தால் அங்கேயும் வரும், திருத்தினால் அங்கேயும் மாறும், டெலிட் செய்தால் அங்கேயும் டெலிட் ஆகும். கடைசியில் சொன்னதைத்தான் யாரும் யோசிப்பதில்லை.

மாங்காய் சீசனில் எங்கள் பக்கத்து மண்டிகளில் எடைச்சீட்டைப் போனில் படம் பிடித்து வைத்துக்கொள்வது இப்போது சாதாரணம். எந்தத் தோப்பிலிருந்து எத்தனை டன் பெங்களூரா மாங்காய் வந்தது, எந்தக் கூழ் தொழிற்சாலைக்குப் போனது, தோப்புக்காரருக்கு எவ்வளவு அட்வான்ஸ் கொடுத்தது, எல்லாம் அந்தப் படங்களிலும் ஒரு எக்செல் ஃபைலிலும்தான் இருக்கும். ஒரு மண்டிக்காரர் இந்த ஃபோல்டரை ஆபீஸ் கம்ப்யூட்டரோடு சிங்க் போட்டு வைத்திருந்தார். போனில் இடமில்லை என்று காட்டியதும் அவருடைய மகன், கம்ப்யூட்டரில்தான் ஒரு காப்பி இருக்கிறதே என்று நினைத்துப் போனில் இருந்ததை மொத்தமாக அழித்திருக்கிறார். அன்று ராத்திரிக்குள் கம்ப்யூட்டரிலும் காலி. சீசன் ஓட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை, ஆவணியில் கணக்கு முடிக்க உட்காரும்போதுதான் தெரிந்தது. "நான் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லையேப்பா, அதில் இருந்தது எங்கே போகும்?" என்று என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்டார். அந்த மகன் செய்ததில் என்ன தப்பு? சிங்க் என்றால் இன்னொரு காப்பி என்று எல்லோரும் சொன்னதை அவரும் நம்பினார். கடைசியில் தோப்புக்காரர்கள் கையில் இருந்த சீட்டுகளை ஒவ்வொருவரிடமாக வாங்கிக் கணக்கைத் திரும்ப எழுத வேண்டியதாகிவிட்டது, சில பேரிடம் சீட்டே இல்லை.

கிளவுடில், அதாவது இன்டர்நெட் வழியாக ஃபைலை வைக்கும் கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ் போன்ற இடங்களில், குப்பைத்தொட்டி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் கூகுள் டிரைவில் 2020 அக்டோபரிலிருந்து குப்பைத்தொட்டிக்குப் போன ஃபைல் 30 நாளில் தானாகவே நிரந்தரமாகப் போய்விடும். டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கிலும் அதே 30 நாள்தான். மாங்காய்க் கணக்கு 30 நாளில் முடிகிற கணக்கு இல்லை. இன்னொன்று, கூகுளில் இலவசமாகக் கிடைக்கும் 15 ஜிபி என்பது மெயில், டிரைவ், போட்டோ மூன்றுக்கும் சேர்த்து. அது நிரம்பியதும் இடம் பிடிக்க வேண்டும் என்று போட்டோ ஆப்பில் பழைய படங்களை அழிக்கிறார்கள், அப்படி அழித்தால் போனிலும் போகும், கிளவுடிலும் போகும். கிளவுடில் ஏறிய படங்களைப் போனிலிருந்து மட்டும் நீக்கி இடம் பண்ணித் தருவதற்கு அதே ஆப்பில் தனி வசதி இருக்கிறது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு பெட்டிச் செய்தியாகப் போட்டாலே எத்தனையோ கல்யாணப் படங்கள் தப்பிக்கும்.

சிங்க் மென்பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்று கொஞ்சம் தெரிந்துகொண்டால் எதற்கு இவ்வளவு எச்சரிக்கை என்பது புரியும். ஒரு ஃபைல் கம்ப்யூட்டரில் இருக்கிறது, போனில் இல்லை. இதற்கு என்ன அர்த்தம்? கம்ப்யூட்டரில் புதிதாக உருவாக்கியிருக்கலாம், அதைப் போனுக்கு அனுப்ப வேண்டும். அல்லது இரண்டிலும் இருந்து போனில் அழித்திருக்கலாம், அப்போது கம்ப்யூட்டரிலும் அழிக்க வேண்டும். இரண்டு பக்கத்தையும் எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாலும் எது நடந்தது என்று சொல்ல முடியாது. மண்டியில் நேற்றைய இருப்பு தெரியாமல் இன்றைக்கு என்ன வந்தது, என்ன போனது என்று சொல்ல முடியாது அல்லவா, அதேதான். அதனால் கடைசியாக இரண்டும் ஒத்திருந்தபோது என்னென்ன இருந்தது என்ற குறிப்பை மென்பொருள் தனியாக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பெஞ்சமின் பியர்ஸ் குழுவினர் உருவாக்கிய யூனிசன் என்ற சிங்க் மென்பொருள் அப்படி ஒரு குறிப்பை வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறது, இப்போது பலர் பயன்படுத்தும் சிங்திங் என்ற மென்பொருளும் தனியாக ஒரு தரவுத்தளம் வைத்திருக்கிறது. கம்ப்யூட்டரை ஃபார்மட் செய்து மென்பொருளைப் புதிதாகப் போட்டால் அந்தக் குறிப்பு போய்விடும், அப்போது இங்கே அழித்து, இன்னொரு பக்கத்தில் இன்னும் அழியாமல் இருந்த ஃபைல்கள் எல்லாம் அங்கிருந்து திரும்பி வந்து நிற்கும். "வைரஸ் வந்துவிட்டது" என்று கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வருவார்கள், பார்த்தால் இதுதான் நடந்திருக்கும்.

ஆர்சிங்க் என்ற காப்பி எடுக்கும் கருவி தெரிந்த பொறியியல் மாணவர்கள் சிலர் அதையே இந்தப் பக்கம் ஒருமுறை அந்தப் பக்கம் ஒருமுறை ஓட்டினால் இருபக்க சிங்க் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஆண்ட்ரூ டிரிட்ஜெல்லும் பால் மெக்கராஸும் 1996இல் வெளியிட்ட அருமையான கருவி அது, ஆனால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு எடுத்துச் செல்வதற்கென்று செய்தது, நேற்றைய இருப்பைப் பார்க்கிற வேலை அதில் இல்லை. இரண்டு திசையிலும் ஓட்டினால் அழித்தது திரும்பி வரும். அழிப்பதையும் செய் என்று ஆணை கொடுத்து ஓட்டினால் மறுபக்கம் புதிதாக எழுதியதெல்லாம் போய்விடும். இரண்டாவதுதான் மோசம்.

சரி, அழிப்பதை விடுங்கள். எங்கள் மாவட்டத்திலும் பக்கத்துத் தர்மபுரியிலும் இன்னொரு சிக்கல் உண்டு, அது சிக்னல். அஞ்செட்டிப் பக்கம் காட்டு வழியில், சித்தேரி மலையில், வத்தல்மலையில் எல்லாம் போனில் டவர் வருவதும் போவதுமாக இருக்கும். தோப்பில் நிற்பவர் சிக்னல் இல்லாமலே போனில் எடைக்கணக்கை எழுதிக்கொண்டிருப்பார், அதே நேரத்தில் ஊரில் கணக்குப் பார்ப்பவர் அதே எக்செல் ஃபைலைத் திறந்து பணம் கொடுத்ததை எழுதியிருப்பார். சாயங்காலம் சிக்னல் வந்ததும் இரண்டும் சந்திக்கும். இரண்டையும் ஒன்றாகச் சேர்க்க சிங்க் மென்பொருளுக்குத் தெரியாது, அதற்கு எக்செல் ஃபைலின் உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. சிங்திங் என்ன செய்யும் என்றால், பிந்திய நேரத்தில் திருத்தியதைப் பழைய பெயரிலேயே வைத்துக்கொண்டு முந்தியதன் பெயரில் சிங்க்-கான்ஃப்ளிக்ட் என்று ஆங்கிலத்தில் தேதி, நேரத்தோடு சேர்த்து அதே ஃபோல்டரில் போட்டுவிடும். டிராப்பாக்ஸும் கிட்டத்தட்ட இதே போல முரண்பட்ட காப்பி என்று பெயரில் சேர்த்து வைக்கும். நல்ல ஏற்பாடுதான், எதையும் தூக்கிப் போடுவதில்லை. ஆனால் அந்தப் பெயரைப் பார்த்ததும் ஏதோ குப்பை ஃபைல் என்று நினைத்து அழித்துவிடுகிறார்கள், அதற்குள் ஒருவர் அரை நாள் எழுதிய கணக்கு இருக்கிறது. தயவுசெய்து அப்படிப் பெயர் கொண்ட ஃபைல் கண்ணில் பட்டால் திறந்து பார்க்காமல் அழிக்காதீர்கள் என்று உங்கள் வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

பிந்தியது எது என்று ஃபைலில் பதிந்திருக்கும் நேரத்தை வைத்துத்தான் முடிவு செய்கிறது, அதனால் கடிகாரம் முக்கியம். பழைய கம்ப்யூட்டர்களில் மதர்போர்டில் இருக்கும் வட்ட பேட்டரி தீர்ந்துபோயிருக்கும், கரண்ட் போய் வந்தால் தேதி பல வருஷம் பின்னால் போய் நிற்கும். அதில் இன்று எழுதியதெல்லாம் பழையது என்று ஆகிவிடும். சிங்க் போடுவதற்கு முன் அந்த பேட்டரியை மாற்றிவிடுங்கள், மலிவான சாமான்தான்.

ஃபைலுக்குத் தமிழில் பெயர் வைக்கிறவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி. கொள்முதல் என்ற பெயரில் வரும் கொ எழுத்தின் குறியை யூனிகோடில் (கம்ப்யூட்டரில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் கொடுக்கும் முறை) ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பு, கால் என்று இரண்டு குறியீடாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆப்பிள் கணினிகளில் இருந்த பழைய ஃபைல் சேமிப்பு முறை இப்படிப்பட்டதை எப்போதும் பிரித்தே சேமித்தது, மற்ற முறைகள் நாம் கொடுத்ததை அப்படியே வைத்துக்கொள்ளும். இதைக் கவனிக்காத மென்பொருளில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் வந்து நிற்கும், ஒன்றில் பாதி ஃபைல், இன்னொன்றில் மீதி. சிங்திங் இதைத் தானே சரிசெய்துகொள்கிறது. அதற்காகத் தமிழில் பெயர் வைப்பதை விட வேண்டும் என்று சொல்லவில்லை, நானும் தமிழில்தான் வைக்கிறேன், ஒரே பெயரில் இரண்டு இருந்தால் ஒன்றை அழிப்பதற்கு முன் உள்ளே பாருங்கள்.

அப்படியானால் சிங்க் வேண்டாமா? வேண்டும், நானே எல்லோருக்கும் போட்டுக் கொடுக்கிறேன். சிங்திங்கையே எடுத்துக்கொள்ளுங்கள், ஸ்வீடனைச் சேர்ந்த ஜேகப் போர்க் 2013இல் தொடங்கியது, இலவசம், நடுவில் எந்தக் கம்பெனியின் கிளவுடிலும் ஃபைல் உட்காராது, வீட்டு வைஃபையில் இரண்டு கருவியும் இருந்தால் இன்டர்நெட் இல்லாமலே ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். மாதாமாதம் பணம் கட்ட முடியாத சிறு கடைக்காரர்களுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், போனில் பேட்டரி சேமிப்பு இந்த ஆப்பை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். அதிகாரப்பூர்வ ஆண்ட்ராய்டு ஆப் 2024 டிசம்பரோடு நின்றுவிட்டது, சிங்திங்-ஃபோர்க் என்ற பெயரில் வேறு ஆட்கள் வெளியிடுவதைத்தான் இப்போது போட வேண்டும்.

போடும்போது பழைய பதிப்புகளை வைத்திரு என்ற வசதியை இரண்டு பக்கமும் இயக்கிவிடுங்கள். இரண்டு பக்கமும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. மறுபக்கத்திலிருந்து வரும் மாற்றத்துக்குத்தான் அது பழைய காப்பியை எடுத்து வைக்கும், அதே கருவியில் நாம் நேரடியாக அழித்தால் எடுத்து வைக்காது. மண்டிக்காரரின் கம்ப்யூட்டரில் இது இருந்திருந்தால் மகன் போனில் அழித்த எல்லாம் கம்ப்யூட்டரில் ஒரு மறைவான ஃபோல்டரில் இருந்திருக்கும். ஒருபக்க சிங்க் போட்டால் போதுமே என்று சிலர் நினைக்கிறார்கள், அனுப்பும் பக்கம் அழித்தால் அந்த அழிவும் சேர்ந்தேதான் போகும், அதனால் அங்கேயும் இந்த வசதி வேண்டும்.

ஒரே கணக்கை இரண்டு பேர் எழுத வேண்டும் என்றால் ஃபைலைச் சிங்க் செய்யும் யோசனையையே விட்டுவிட்டு கூகுள் ஷீட்ஸ் மாதிரி ஒன்றுக்குப் போங்கள், அது கட்டம் கட்டமாகச் சேர்க்கும், ஃபைலை மொத்தமாக மாற்றாது. அது ஒத்துவராதவர்கள் போனில் எழுதுபவருக்கு ஒரு ஃபைல், ஆபீஸில் எழுதுபவருக்கு ஒரு ஃபைல் என்று பிரித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் செய்தபிறகும் தனியாக ஒரு ஹார்ட் டிஸ்க் வேண்டும், வாரத்தில் ஒரு நாள் செருகி காப்பி எடுத்துவிட்டுக் கழற்றி வைக்க வேண்டும். எப்போதும் செருகியே இருந்தால் பயனில்லை, கம்ப்யூட்டருக்கு வரும் கேடெல்லாம் அதற்கும் வரும். மூன்று காப்பி, இரண்டு வகைக் கருவி, ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பரப்பிய கணக்கு ஒன்று உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டுடியோக்காரர்கள் முதலில் இதைப் படிக்க வேண்டும், அவர்களிடம் இருப்பது இன்னொரு முறை எடுக்க முடியாத படம்.

உங்களிடம் கேட்பது இரண்டு. வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அழித்தால் இரண்டு பக்கமும் போகும் என்பதைக் கட்டுரை வந்த அளவிலேயே எழுதுங்கள், மூலையில் நான்கு வரித் திருத்தமாகப் போட்டால் யாரும் படிக்கமாட்டார்கள். அப்புறம், ஜெராக்ஸ் கடை, பத்திர எழுத்தர், ஆடிட்டர் ஆபீஸ், மண்டி என்று ஊர்க் கணக்கும் ஆவணமும் கம்ப்யூட்டரில் வைத்திருப்பவர்களுக்காகப் பழைய பதிப்பு வசதியை எப்படி இயக்குவது என்று படத்தோடு ஒரு தொடர் போடுங்கள். அடுத்த மாங்காய் சீசன் சித்திரையில் ஆரம்பித்துவிடும், பங்குனிக்குள் வந்தால் எங்கள் பக்கத்துக்கு உபயோகமாக இருக்கும். என்ன உதவி வேண்டுமானாலும் செய்யத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்காரர்,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.