வீடு தேடிப் போவதைக் குறைக்கப் போகிறார்களாம்

அன்புள்ள தோழிக்கு,

இங்கே எல்லாரும் நலம். அக்காவின் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது? குடை விஷயத்தை நான் இன்னும் மறக்கவில்லை என்று அவளிடம் மறக்காமல் சொல். பதில் தாமதமானதற்கு நேரில் பார்க்கும்போது திட்டிக்கொள். இன்று உட்கார்ந்து எழுதுவதற்குக் காரணம் வேறு.

அடுத்த நிதியாண்டிலிருந்து நம் அமைப்பின் களப்பணியாளர்கள் வீடு வீடாகப் போவதைப் பாதிக்கு மேல் குறைக்கப் போகிறார்கள். உதவித்தொகை நேரே வங்கிக் கணக்குக்குப் போய்விடும், நலம் விசாரிப்பதைப் போனிலேயே செய்துவிடலாம் என்று திட்டம். கூட்டத்தில் வாசித்தபோது ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. நான் எழுந்து பேசினேன். உணர்ச்சிவசப்படுகிறேன் என்று சொல்லி அடுத்த பொருளுக்குப் போய்விட்டார்கள். அன்றிலிருந்து மனசு ஆறவே இல்லை.

நீ இப்போது என்ன சொல்வாய் என்று தெரியும். ‘பணத்தை அவங்க கையிலயே கொடு, தேவை என்னன்னு அவங்களுக்குத் தெரியாதா?’ கல்லூரி முதலாம் ஆண்டிலிருந்து உன் கட்சி அதுதானே. நீ ஆரம்பித்தாலே மீசைக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்! எனக்கும் பணத்தோடு சண்டை இல்லை. கையில் கொடுத்தால் குடித்தே தீர்ப்பார்கள் என்று யாராவது பேசினால் இன்றைக்கும் விடமாட்டேன். மெக்சிகோ 1997-இலும் பிரேசில் 2003-இலும் தொடங்கிய உதவித்தொகைத் திட்டங்கள் ஏழைக் குடும்பங்களுக்கு எவ்வளவு தெம்பு கொடுத்தன என்று உன்னிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆனால் பணம் போகிற வீட்டுக்கு ஓர் ஆளும் போக வேண்டும்.

போன மாதம் நடந்ததைக் கேள். காசநோய்க்கு மாத்திரை சாப்பிடும் ஓர் அம்மா. போனில் கேட்கும்போதெல்லாம் தினமும் போட்டுக்கொள்வதாகச் சொல்வார். அது பொய்யும் இல்லை. நம் பணியாளர் வீட்டுக்குப் போய் மாத்திரை அட்டைகளை எண்ணினாள். கணக்கும் சரியாகவே இருந்தது. கிளம்பும் நேரத்தில் கணவர் வாசல்வரை வந்து, தயங்கித் தயங்கி, ‘எனக்கும் ஒண்ணுக்குச் செவப்பாப் போகுதே, இது ஒட்டிக்குமா?’ என்று கேட்டிருக்கிறார். சிறுநீரைச் செம்மஞ்சளாக்குவது நோய் இல்லை, அந்த மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின். அவளுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. அவருக்கும் பல வாரமாக இருமலாம். பரிசோதனைக்குப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும் என்று மனைவியின் மாத்திரையில் பாதியைத் தினமும் அவர் விழுங்கிக்கொண்டிருந்தார். இரண்டு பேருக்கும் அரைகுறை மருந்து. கிருமி மருந்துக்கு அடங்காமல் போவது இப்படித்தான். மறுநாள் அவளே அவரை அழைத்துக்கொண்டு போனாள். அன்றைய கூலியை அவசர நிதியிலிருந்து கொடுத்தோம். அங்கே பணமும் உதவியது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வியை அவர் எந்தப் போனில் கேட்டிருப்பார், சொல்.

அப்புறம் பழைய பங்களாதேஷ் கதையை மறுபடி தேடிப் படித்தேன். வயிற்றுப்போக்கில் குழந்தைகள் செத்துக்கொண்டிருந்த காலம். 1980-இல் தொடங்கி பத்தே ஆண்டில் பிராக் என்ற தொண்டு நிறுவனத்தின் பெண்கள் 1 கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குப் போனார்கள். மூன்று விரலால் ஒரு சிட்டிகை உப்பு, ஒரு கை வெல்லம், அரை சேர், அதாவது ஏறக்குறைய அரை லிட்டர், தண்ணீர். வயிற்றுப்போக்கில் வற்றிப்போகும் உடம்புக்குக் கொடுக்கும் இந்தக் கரைசலைத் தாயே தன் கையால் கலக்க வேண்டும். பணியாளருக்குச் சம்பளம் எத்தனை வீடு ஏறினாள் என்று பார்த்து இல்லை. பிறகு வேறொருவர் போய்க் கேட்கும்போது தாய்க்கு எவ்வளவு நினைவிருக்கிறதோ, அதை வைத்துத்தான்! அப்படியும் முதலில் நிறையப் பேர் அதைப் பயன்படுத்தவில்லை. ஏன் என்று துருவிப் பார்த்தபோது, சொல்லிக்கொடுக்கப் போன பணியாளர்கள் பலருக்கே அதில் நம்பிக்கை இல்லை, தங்களுக்கு வந்தால் வேறு மருந்து தேடினார்கள் என்று தெரிந்தது. அவர்களை டாக்காவின் காலரா ஆய்வகத்துக்கே கூட்டிப்போய் நோயாளிகள் தேறுவதைக் கண்ணால் பார்க்க வைத்தார்கள். ஆண்களிடம் பேசாமல் விட்டதும் பிசகு என்று கண்டு, பள்ளிவாசலிலும் சந்தையிலும் போய்ப் பேசினார்கள். திரும்பத் திரும்ப மனிதர்களைப் பார்த்துப் பேசியதால்தானே இவ்வளவும் தெரியவந்தது? மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் அபய் பங், ராணி பங் என்ற மருத்துவர் தம்பதி கிராமத்துப் பெண்களைப் பழக்கி, பிறந்த குழந்தையை வீட்டிலேயே போய்ப் பார்க்க வைத்ததும் இதே வழிதான். பச்சிளங்குழந்தைச் சாவு பாதிக்கும் கீழே இறங்கியது என்று 1999-இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வு நம் கூட்டத்தில் ஒருவருக்கும் நினைவில்லை.

பணமே போதும் என்கிற உன் கட்சிக்காரர்களுக்கும் ஒன்று வைத்திருக்கிறேன். பரம ஏழைகளுக்கு ஆடுமாடு, கொஞ்ச காலத்துக்குச் செலவுப் பணம், அடிக்கடி வீட்டுக்கு வந்து பேசும் ஓர் ஆள், எல்லாம் சேர்த்துக் கொடுக்கும் திட்டத்தை ஆறு நாடுகளில் சோதித்தார்களே, 2015-இல் முடிவு வந்ததே, அதேதான். திட்டம் முடிந்து ஓராண்டு கழித்தும் பலன் நின்றது. கானாவில் ஆட்டை மட்டும் கொடுத்தும் பார்த்தார்கள். முழுத் திட்டத்தின் பலன் அதில் கிடைக்கவில்லை. அந்த வருகைக்குத்தான் செலவு அதிகம், அதனால்தான் முதலில் அதில் கை வைக்கிறார்கள்.

குறைக்க வேண்டுமானால் படிவத்தைக் குறைக்கட்டும். நம் பெண்கள் ஒரு வீட்டுக்கு ஒரே விவரத்தை மூன்று இடத்தில் எழுதுகிறார்கள். எழுதி முடிப்பதற்குள் பொழுது சாய்ந்துவிடுகிறது. சம்பளமும் கேட்கும்படியாக இல்லை. இத்தனைக்கும் அவர்களைத் தன்னார்வலர்கள் என்று சொல்லியே காலத்தை ஓட்டுகிறார்கள். இதை நினைத்தால்தான் எனக்கு அதிகக் கோபம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எழுத்தில் ஓர் ஆட்சேபம் கொடுக்கப் போகிறேன். நீ மலைப்பகுதியில் இருந்த காலத்துக் களக்குறிப்பேடுகள் பரணில்தானே இருக்கின்றன? வீட்டுக்குப் போனதால் மட்டுமே தெரியவந்த விஷயங்களைப் பெயர் இல்லாமல் எடுத்து எழுதி அனுப்பு. பணம் மட்டுமே போதும் என்று நீ இன்னும் நினைத்தால் அதையும் காரணத்தோடு எழுது. அங்கே அதைத்தான் முதலில் கேட்பார்கள். மீசைக்காரரிடம் நானே பேசுகிறேன்.

அன்புடன்,
உன் கடைசி பெஞ்சுத் தோழி