முன்பணம் கொடுக்குமுன் ஒருமுறை தட்டிப் பாருங்கள்

மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு ஓட்டும் நம் தமிழ் நண்பர் குழுவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். 1979இல் கட்டப்பட்ட அந்த 31 அடி ஃபைபர் படகைப் பங்கு போட்டு வாங்கி, மழைக்காலம் முடிந்ததும் லட்சத்தீவிலுள்ள கவரத்தி வரை போய்வருவது என்று சென்ற கூட்டத்தில் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. கரையேற்றி நிறுத்தியிருக்கும் படகை மூன்று மணி நேரம் பார்த்தவன் என்ற முறையில், அன்று சொல்லி முடிக்க இயலாததை இங்கே எழுதுகிறேன்.

"அந்தக் காலத்துப் படகு, அடிப்பக்கம் நல்ல தடிமன்" என்று விற்பவர் சொல்வது பொய்யன்று. 2022ஆம் ஆண்டு கோல்டன் குளோப் தனிநபர் பாய்மரப் படகுப் போட்டியில் இந்தியரான அபிலாஷ் டோமி உலகைச் சுற்றி இரண்டாவதாக வந்ததும், 1988க்கு முந்தைய வடிவமைப்பில் அமைந்த ஃபைபர் படகில்தான். ஆனால் இத்தகைய படகுகளில் பழுது பெரும்பாலும் பொருத்துகளில் தொடங்குகிறது. தடிமன் அதற்கு மருந்தாகாது.

நம் படகின் மேல்தளம், இரண்டு ஃபைபர் தகடுகளுக்கு நடுவே பால்சா மரத்தை வைத்து ஒட்டியது. போல்ட் துளை வழியாக நீர் இறங்கினால் அந்த மரம் வெளியே தெரியாமல் ஊறி மக்கும். பாய்மரத்தின் அடியிலிருந்து வலப்பக்கமாகச் சுத்தியலின் பிளாஸ்டிக் பிடியால் தட்டிக்கொண்டே போனேன். கணீரென்று ஒலித்த தளம், பாய்மரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் பக்கவாட்டுக் கம்பி இறங்கும் இடத்துக்கு ஒரு முழம் முன்பே, நனைந்த அட்டைப்பெட்டியைத் தட்டினாற்போல் மந்தமாயிற்று. சாக்பீஸால் வட்டமிட்டேன், சாப்பாட்டுத் தட்டைவிடப் பெரிய வட்டம். உள்ளே இறங்கிப் பார்த்தால், நேர்கீழே தடுப்புப்பலகையில் தேநீர் நிறத்தில் கறை. அக்கம்பியைப் படகோடு பிணைக்கும் துருப்பிடிக்காத எஃகுப் பட்டை, காற்றுப் புகாத ஈரத்துக்குள் மறைந்திருக்கும்போது, பெயருக்கு மாறாக அரிக்கப்பட்டு வெடிப்புவிடும். வெளியே தெரியும் பகுதி பளபளவென்றுதான் இருக்கும். கழற்றிக் காட்டுங்கள் என்றேன், விற்பவர் மறுத்துவிட்டார்.

அடிப்பக்க ஃபைபரில் நீர் ஊறி எழுந்த கொப்புளங்களைப் பற்றிக் கூட்டத்தில் அரைமணி நேரம் பேசினோம். அவை செலவு வைக்கும். அவற்றால் படகு மூழ்குவது அரிது. படகு கவிழாதிருக்க அதன் அடியில் போல்ட் போட்டுப் பொருத்திய கனமான கீலைப் பற்றி யாரும் கேட்கவில்லை. 2014இல் சீக்கி ரஃபிகி என்ற படகு அட்லாண்டிக்கில் கீல் கழன்று கவிழ்ந்ததில் நால்வர் மாண்டனர். முன்பு தரைதட்டியதும் அதற்குப் பின் செய்த பழுதுபார்ப்பும் அதன் கட்டுமானத்தைப் பலவீனப்படுத்தியிருக்கலாம் என்றது விசாரணை அறிக்கை. நம் படகு தரைதட்டியதே இல்லை என்கிறார் விற்பவர். கீலின் பின்முனைக்கு நேர்மேலே, உட்புறத்தில், புதிதாக ஒட்டிய ஃபைபர் துண்டை நான் கையால் தடவிப் பார்த்தேன்.

துறைமுகத்தின் எதிர்க்கரையிலுள்ள மாண்ட்வா வரை போய்வர இப்படகு இன்றும் போதும். பாய்மரமே சாய்ந்தாலும் மாலைக்குள் யாராவது இழுத்துவந்து விடுவார்கள். கவரத்தி சுமார் 500 கடல் மைல். மணிக்கு ஐந்து மைல் வேகத்தில் நான்கு பகல், நான்கு இரவு.

ஆகவே முன்பணம் கொடுக்குமுன், விற்பவரோடு தொடர்பில்லாத படகுகளைச் சோதிக்கும் சர்வேயர் ஒருவரை நம் செலவில் அழைத்து, எஃகுப் பட்டைகளையும் கீல் போல்ட் ஒன்றையுமாவது கழற்றிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலம் முடியும்வரை படகு எப்படியும் கரையில்தான் நிற்கும். விற்பவர் மீண்டும் மறுத்தால் இந்தப் படகு நமக்கு வேண்டாம் என்பது என் கருத்து. ஞாயிறு காலை நேரமிருப்பவர்கள் வாருங்கள். சாக்பீஸ் வட்டத்தை அழித்திருந்தாலும் அந்த இடத்தைத் தட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
செம்பூரிலிருந்து உங்கள் குழு உறுப்பினர் ஒருவர்