எத்தனோல் ஊற்றுவதற்கு முன்: வன்னியில் கார் ரியூன் செய்யும் தம்பிமாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிமாருக்கு,

பரந்தனுக்கும் மாங்குளத்துக்கும் இடையில், ஏ9 வீதியோரம் கராஜ் வைத்திருப்பவன் எழுதுகிறேன். உங்களில் பலருடைய காருக்கு அடியில் நான் படுத்து எழும்பியிருக்கிறேன். சிவிக், ஸ்ராலெற், லான்சர் என்று பழைய காரை வாங்கி, காசு சேரச் சேர, காற்றை அமுக்கி உள்ளே தள்ளும் டேர்போவும் எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரும் பூட்டுகிற உங்கள் ஆசை எனக்கு நன்றாகப் புரியும். இப்போது எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "அண்ணை, பெற்றோலோடு எத்தனோல் கலந்தால் பவர் கூடுமாமே?" எத்தனோல் என்றால் சாராயத்தில் இருக்கும் அதே அற்ககோல்தான்.

கூடும். அதை நான் மறைக்கவில்லை. எவ்வளவு கலந்திருக்கிறது என்று தெரியாமல் ஓடினால் எஞ்சின் போய்விடும் என்பதைச் சொல்லத்தான் இந்த மடல்.

போன கார்த்திகை மழைக்குள் ஒரு பெடியன் முறிகண்டியிலிருந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தான். தாங்கியின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடிப் போத்தலில் விட்டேன். இரண்டு படையாக நின்றது. மேலே இளமஞ்சளில் பெற்றோல், கீழே பச்சைத்தண்ணீர் மாதிரி ஒன்று. என்ன ஊற்றினாய் என்று கேட்டேன். காயம் துடைக்கிற ஸ்பிரிற் 5 லீற்றர் என்றான். போத்தலின் லேபலிலேயே எத்தனோல் 70 சதவீதம் என்று போட்டிருந்தது. மிச்சம் 30 தண்ணீர். ஒன்றரை லீற்றர் தண்ணீரைத் தன் கையாலேயே தாங்கிக்குள் ஊற்றியிருக்கிறான் பிள்ளை. இங்கே எந்தப் பெற்றோல் செட்டிலும் ஈ85, அதாவது 85 சதவீதம் வரை எத்தனோல் கலந்த பெற்றோல், விற்பதில்லை. எத்தனோலோ மதுவரிச் சட்டத்துக்குள் வருகிற சரக்கு. அதனால்தான் இப்படிக் கண்ட கண்ட போத்தல்களைத் தேடுகிறீர்கள். தயவுசெய்து அதை விடுங்கள்.

நான் தொழில் பழகியது பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் கண்ணில் படாது. சிறு போத்தலில் வைத்திருக்கும் சொட்டுப் பெற்றோலில் மோட்டார் சைக்கிளை உதைத்து எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். மண்ணெண்ணெயின் ஒக்டேன், அதாவது அழுத்தத்தில் தானாக வெடிக்காமல் தாங்கும் அளவு, மிகக் குறைவு. ஏற்றத்தில் எஞ்சின் டிக்கு டிக்கென்று தட்டும். பிளக் மூட்டிய நெருப்பு போய்ச் சேர முன்னமே மிச்சக் கலவை தானாக வெடிக்கிற சத்தம் அது. அழுத்தம் குறைந்த பழைய எஞ்சின்கள் என்பதால்தான் அவை தப்பின. உங்கள் டேர்போ எஞ்சினில் அதே தட்டு நாலு தடவை கேட்டால் பிஸ்ரன் மிஞ்சாது. ஐம்பது சதக் குற்றி அளவில் நடுவில் ஓட்டை விழுந்த பிஸ்ரன் ஒன்று என் மேசையில் கிடக்கிறது. வந்தால் கையில் எடுத்துப் பாருங்கள்.

எத்தனோல் இதற்கு நேர்மாறு. எங்கள் பக்கச் செட்டுகளில் பெரும்பாலும் கிடைப்பது 92 ஒக்டேன். எத்தனோலின் ஒக்டேன் 108 அளவில் இருக்கும். அதைவிடப் பெரியது அதன் குளிர்ச்சி. ஊசி போட முன் பஞ்சால் ஸ்பிரிற் பூசும்போது கை சில்லென்று ஆகுமே, அதேதான் சிலிண்டருக்குள்ளும் நடக்கிறது. ஆவியாகும்போது சூட்டை இழுத்துக்கொள்ளும். காற்று குளிர்ந்தால் பூஸ்ற்றை, அதாவது டேர்போ தள்ளும் காற்றழுத்தத்தை, கூட்டலாம், தீப்பொறி நேரத்தை முன்னுக்குத் தள்ளலாம். 2007இல் கோனிக்செக் கம்பனி ஈ85இல் ஓடும் சிசிஎக்ஸ்ஆர் காரை வெளியிட்டது. பெற்றோலில் 806 குதிரைவலு கொடுத்த எஞ்சின் அதில் 1018 கொடுத்தது.

சரி, அப்போ எங்கே பிழைக்கிறது? ஒரு கிலோ பெற்றோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனோலுக்கு 9 போதும். எஞ்சின் இழுக்கும் காற்று மாறாது. ஆகவே அதே காற்றுக்கு எரிபொருளைக் கூட்டி ஊற்ற வேண்டும். ஈ85 என்றால் ஏறத்தாழ 40 சதவீதம் கூடுதல். உங்கள் இன்ஜெக்டரும் பம்பும் ஏற்கெனவே எல்லையில் நிற்கின்றன. சும்மா ஓடும்போது, எஞ்சினை நடத்தும் கம்பியூட்டரான ஈசியூ, புகையில் இருக்கும் ஒக்சிஜனை அளக்கும் சென்சரைப் பார்த்துச் சரிசெய்துவிடும். அக்சிலரேற்றரை முழுதாக மிதிக்கும்போது ஈசியூ தன்னிடம் எழுதி வைத்த கணக்கையே நம்புகிறது. அந்தக் கணக்கு பெற்றோலுக்கு எழுதியது. எரிபொருள் பற்றாமல் கலவை மெலியும், சூடு ஏறும், பிஸ்ரன் போகும்.

அளவு ஒரே இடத்தில் நிற்காது என்பதையும் யோசியுங்கள். 30 லீற்றர் பெற்றோலுக்கு 10 லீற்றர் எத்தனோல் விட்டால் 25 சதவீதம். பாதி எரிந்த பிறகு மாங்குளத்தில் பெற்றோல் நிரப்பினால் பன்னிரண்டரை. இதில் எந்த அளவுக்கு ரியூன் செய்தீர்கள்? பிரான்சில் இருக்கும் மச்சான் அனுப்பும் வீடியோவைக் காட்டுகிறீர்கள். அங்கே ஈ85 செட்டிலேயே விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் அங்கேயும் பருவத்துக்கு ஏற்ப அது 65இலிருந்து 85 சதவீதம் வரை மாறும். அதனால்தான் விபரம் தெரிந்தவர்கள் எத்தனோல் அளவைப் பார்த்துச் சொல்லும் சென்சரை எரிபொருள் குழாயில் பூட்டி, அதன்படி ஈசியூ தானே மாறும்படி செய்கிறார்கள். அது பூட்டாமல் இந்த வேலைக்கு நான் கை வைக்கமாட்டேன்.

அப்புறம் றப்பர். 2020இல் வாகன இறக்குமதியை நிறுத்தி 2025இல்தான் திறந்தார்கள். அதனால் நீங்கள் ஓட்டுவதெல்லாம் வயது போன கார்கள். பழைய குழாயும் சீலும் எத்தனோலில் ஊறி வீங்கும், பிறகு வெடிப்பு விழும். சூடான எஞ்சினுக்கு மேல் பெற்றோல் கசிந்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. எத்தனோலுக்கென்று வரும் குழாயை முதலில் மாற்றுங்கள். பவர் பிறகு.

எத்தனோல் காற்றிலிருந்தே ஈரத்தை இழுக்கும். 10 சதவீதம் கலந்த பெற்றோல் 40 லீற்றருக்கு ஒரு தேத்தண்ணிக் கிளாஸ் அளவு தண்ணீரைத்தான் தாங்கும். அதற்கு மேல் போனால் தண்ணீரும் எத்தனோலும் சேர்ந்து அடியில் இறங்கிவிடும். பம்ப் இழுப்பது அடியிலிருந்துதான். மேலே மிஞ்சும் பெற்றோலும் ஒக்டேன் இறங்கியதாக இருக்கும். வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வெளிநாட்டிலிருந்து அண்ணன் வருவார் என்று மாரி முழுக்கச் சீலை மூடி நிறுத்தி வைக்கும் கார்களில் கலவையை விட்டுவைக்காதீர்கள்.

அளந்து பார்ப்பது லேசு. 100 மில்லி அளவுச் சாடியில் 10 மில்லி தண்ணீர், அதன் மேல் 90 மில்லி உங்கள் பெற்றோல். மூடிக் குலுக்கிப் பத்து நிமிடம் வையுங்கள். எத்தனோல் தண்ணீரோடு போய்ச் சேர்ந்துவிடும். தண்ணீர்க் கோடு 10இலேயே நின்றால் எத்தனோல் இல்லை. 19க்கு ஏறினால் ஏறத்தாழ 10 சதவீதம் இருக்கிறது. அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் தூரத்தில், வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

சாடி என்னிடம் இருக்கிறது. இந்த மாரி தொடங்க முன் உங்கள் தாங்கியிலிருந்து கால் லீற்றர் எடுத்துக்கொண்டு வாருங்கள். பிளாஸ்ரிக் போத்தல் வேண்டாம், கண்ணாடிப் போத்தலில் கொண்டு வாருங்கள். காசு வாங்கமாட்டேன். ஞாயிறு பின்னேரம் கராஜ் பூட்டியிருந்தாலும் பின்பக்கம் வந்து கூப்பிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கராஜ் அண்ணை