தாமிரபரணிக் கடைமடைக் குளங்களின் மறுகால் கணக்கைத் திருத்துங்கள்

தமிழ்நாடு நீர்வளத்துறைப் பொறியாளர்களுக்கும் மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையத்துக்கும் வணக்கம்.

2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை பதிவானது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருடம் முழுக்கப் பெய்யும் சராசரி மழையே 65 செ.மீ. வாக்கில்தான். அன்று புயல் இல்லை, காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்கூட இல்லை. குமரிக்கடல் பக்கம் நிலைகொண்ட ஒரு வளிமண்டலச் சுழற்சிதான் இவ்வளவையும் கொட்டியது. எச்சரிக்கை எப்போது வந்தது, எந்த நிறத்தில் வந்தது என்று மத்திய, மாநில அரசுகள் அப்போதே நிறையப் பேசிவிட்டன. அதை நான் கிளறவில்லை. ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே தென்கால் (தென்கரைக் கால்வாய்) பாசனத்தில் நெல்லும் வாழையும் போடுகிற ஒருவனாக எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது. அந்த 95, 69, 62 எல்லாம் எங்கள் குளங்களின் வடிவமைப்புக் கணக்குக்குள் வந்துவிட்டனவா?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. இந்தப் பக்கம் வெள்ளம் என்றாலே பாபநாசம், சேர்வலாறு, மணிமுத்தாறு அணைகளில் எத்தனை அடி, எத்தனை கன அடி திறக்கிறார்கள் என்றுதான் எல்லோரும் பார்ப்போம். 1992 நவம்பரில் மாஞ்சோலை மலையில், கக்காச்சியில் ஒரே நாளில் 96 செ.மீ.க்கு மேல் கொட்டி ஆறு பெருகியபோது அது சரியான பார்வைதான். தண்ணீர் மலையிலிருந்து வந்தது, வழியில் அணை இருந்தது. 2023-இல் மலையிலும் பெய்தது, ஆனால் பெருமழை அணைகளுக்குக் கீழே, சமவெளியிலும் கடலோரத்திலும் விழுந்தது. அந்தத் தண்ணீரைத் தேக்க மேலே எந்த அணையும் கிடையாது. குளங்கள்தான் தாங்க வேண்டும். பல குளங்கள் தாங்கவில்லை.

ஏன் தாங்கவில்லை என்றால் கரை பலவீனம், ஆக்கிரமிப்பு, அமலைச்செடி (ஆகாயத்தாமரை) என்று பதில் வருகிறது. எல்லாம் உண்மைதான். ஆனால் அதற்கும் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு குளத்துக்கு உச்ச வெள்ளம் எவ்வளவு வரும், அதற்கு மறுகால், அதாவது நிரம்பிய குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து வெளியேறும் வாய், எத்தனை நீளம் வேண்டும் என்று பார்க்க நம் பக்கத்தில் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுவது ரைவ்ஸ் சூத்திரம். 1884-இல் சென்னை மாகாணத்துக்காக வந்தது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால், அதாவது அந்தப் பகுதிக்கென்று வகுத்த ஒரு எண்ணால், பெருக்க வேண்டும், அவ்வளவுதான். மழை எத்தனை செ.மீ. என்பதற்கு அதில் இடமே இல்லை. கெழு மட்டும் இடத்துக்கு இடம் மாறும். கிழக்குக் கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் இருந்தால் 6.8, அதற்கு மேற்கே 160 கி.மீ. வரை 8.5, மலையோரங்களுக்கு 10 வாக்கில். அதாவது, கடலோரத்துக்குத்தான் மிகக் குறைந்த எண். 95 செ.மீ. விழுந்த காயல்பட்டினம் கடற்கரையிலேயே இருக்கிறது!

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 10 சதுர கி.மீ. நீர்ப்பிடிப்புள்ள ஒரு குளம். 6.8 கெழுவை வைத்தால் விநாடிக்குச் சுமார் 1,100 கன அடி வெள்ளம் வரும் என்கிறது சூத்திரம். அதே பரப்பில் ஒரு நாளில் 60 செ.மீ. மழை விழுந்தால், 24 மணி நேரத்துக்கும் சமமாகப் பிரித்தாலே விநாடிக்குச் சுமார் 2,450 கன அடி. மூன்றில் ஒரு பங்கை நிலம் குடித்தது என்று தாராளமாகக் கழித்தாலும் 1,600 கன அடிக்கு மேல் நிற்கிறது. மழை எங்கே சமமாகப் பெய்கிறது? கொட்டித் தீர்க்கும் ஓரிரு மணி நேரத்தில் வருவது இதைவிடப் பல மடங்கு. மறுகாலில் போக முடியாத தண்ணீர் கரை மேல்தான் ஏறும், மண்கரை மேல் ஏறினால் உடைப்புதான்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் குளங்கள் சங்கிலிக் குளங்கள். ஒன்றின் மறுகால் அடுத்ததற்கு வரத்து. அப்படிப்பட்ட இடத்தில் மேல்குளம் தடுத்துக்கொள்ளும் பரப்புக்காக ஒரு தொகையைக் கணக்கிலிருந்து கழிப்பது வழக்கம். மேல்குளம் உடையாத வரை அந்தக் கழிவு நியாயம்தான். உடைந்துவிட்டால், கழித்ததற்குப் பதில் கூட்ட வேண்டியிருக்கும்.

உடைந்த கரையின் வெட்டுமுகத்தை நின்று பாருங்கள், எல்லாம் தெரியும். அடியில் பழைய கரம்பை மண் சுவர் மாதிரி நிற்கும். அதன் மேல் பிற்பாடு கொட்டிய செம்மண், ஒட்டாமல் தனியாக ஒரு அடுக்கு. நடுவே உடைமர வேர் கை தடிமனில் இரண்டு அடுக்கையும் துளைத்துக்கொண்டு போயிருக்கும். வேர் அழுகிய இடத்தில் விரல் விடலாம். தண்ணீர் முதலில் அங்கேதான் நுழைகிறது. கரையைச் சும்மா உயர்த்துவது பராமரிப்பு ஆகாது என்று நான் சொல்வது இதைப் பார்த்துத்தான். மறுகாலை அகலப்படுத்தாமல் கரையை மட்டும் உயர்த்தினால், உடையும்போது இன்னும் அதிகத் தண்ணீர் ஊருக்குள் வரும்.

95 செ.மீ.க்கு எல்லா மறுகாலையும் கட்ட முடியுமா, பணத்துக்கு எங்கே போவது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி, என் பதிலும் முடியாது என்பதுதான். அதனால்தான் ஒவ்வொரு பெரிய குளத்திலும், ஊர் இல்லாத பக்கமாக, கரையின் ஒரு துண்டைத் தாழ்த்தி வைத்து, மீறினால் தண்ணீர் முதலில் அங்கே உடைத்துக்கொண்டு போகும்படி செய்யச் சொல்கிறேன். இது ஒன்றும் புதிய வித்தை இல்லை, அணைப் பொறியியலில் உள்ளதுதான். யாருடைய வயல் வழியே அந்தத் தண்ணீர் போகும் என்பதைப் பேசி, அவருக்கு என்ன இழப்பீடு என்பதை முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். கஷ்டமான பேச்சுதான். ஆனால் வெயில் காலத்தில் உட்கார்ந்து பேசுவது, நடுராத்திரியில் கரையை வெட்டலாமா வேண்டாமா என்று இரண்டு ஊர்கள் சண்டை போடுவதைவிட நல்லது.

அப்புறம், எங்கள் கையில் தகவல் வேண்டும். காலை 8.30 மணிக்கு வரும் ஒரு நாள் மொத்தம் கரையில் நிற்பவனுக்கு உதவாது. மேலே பெய்யும் மழை மணிக்கு மணி நீர்க்கட்டியின் (குளத்து மடையைத் திறந்து மூடும் ஊர் ஆள்) போனுக்கு வர வேண்டும். எந்தக் குளத்தின் மறுகால் எத்தனை கன அடி தாங்கும் என்பதை மறுகால் சுவரிலேயே பெயிண்டில் எழுதி வையுங்கள். 2023-இல் தண்ணீர் நின்ற மட்டத்தையும் பள்ளிச் சுவர்களில், பஞ்சாயத்துக் கட்டடங்களில் குறித்து வையுங்கள். சில வீடுகளில் ஸ்விட்ச் போர்டுக்கு மேல் பழுப்புக் கோடாக அது இன்னும் இருக்கிறது. அடுத்த வெள்ளையடிப்பில் போய்விடும். அந்த மட்டத்துக்குக் கீழே புதிதாகத் துணை மின்நிலையமோ சுகாதார நிலையமோ கட்ட வருபவர் அதைப் பார்த்துவிட்டுக் கட்டட்டும்.

காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரம் தாங்கும். உலகம் ஏற்கெனவே ஒரு டிகிரிக்கு மேல் சூடாகிவிட்டது. "வரலாறு காணாத மழை" என்ற சொல்லை வைத்து 2023-ஐ விதிவிலக்காக ஒதுக்கிவிட்டுப் பழைய கெழுவையே தொடர்ந்தால், ஏரலின் வாழையும் ஆத்தூரின் வெற்றிலைக் கொடிக்காலும் மறுபடியும் மூழ்கும்.

ஸ்ரீவைகுண்டம் வடகால், தென்கால், மருதூர் மேலக்கால், கீழக்கால் குளங்கள் அனைத்துக்கும், இவற்றில் சேராத மானாவாரிக் குளங்களுக்கும், பதிவான மழையை வைத்து மறுகால் கணக்கைப் புதிதாகப் போடுங்கள். அந்தப் பட்டியலை அக்டோபர் 2 கிராம சபையில் வையுங்கள், வடகிழக்குப் பருவமழைக்கு முன் அதுதான் எங்களுக்குக் கிடைக்கும் கடைசிக் கூட்டம். எந்த மறுகால் ஓடை எங்கே வீடாகி, எங்கே தோப்பாகி இருக்கிறது என்று உங்கள் சர்வேயரோடு நடந்து வந்து காட்ட ஒவ்வொரு ஊரிலும் ஆள் இருக்கிறார்கள். நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
தென்கால் பாசன விவசாயி ஒருவர்