ஏழு எட்டு

கோண்டாவில்,
மே 12.

அன்பு மகளுக்கு,

ஆரோ ஒளிச்சு வைச்ச பெட்டியை ஜிபிஎஸ் பாத்துத் தேடுற அந்த ஜியோகேஷிங் விளையாட்டுக்குப் போன நேரம் எடுத்து நீ அனுப்பின படங்களையும் சின்னவளின்ர வீடியோவையும் முந்தநாள் இரவு பாத்தன். நேத்தும் ரெண்டு தரம் பாத்தன். போனில கதைச்சால் எல்லாம் அரைவாசியில நிண்டுபோகும், சின்னவளும் இடையில பூந்திடுவாள். அதுதான் பேனையை எடுத்தனான். பக்கத்து வீட்டுப் பெடியனைக் கொண்டு படம் எடுப்பிச்சு முதல்ல அனுப்புறன். தாளைப் பிறகு தபாலில போடுவன், எடுத்து வைச்சிரு.

ஈரச் சருகு மூடின அந்தக் காட்டுக்குள்ள அவள் போனைப் பிடிச்சுக்கொண்டு "நாப்பது மீற்றர், இருபது மீற்றர்" எண்டு எண்ணிக்கொண்டு போறாள். பிறகு அம்புக்குறி ஒரு பக்கமும் நிக்காமல் சுத்துது. அவள் போனை உன்னட்டத் தந்திட்டு, பாதையை விட்டு இறங்கி, முழங்கால் மட்டும் சருகுக்குள்ள நடந்து போறாள். அந்த இடத்தில எனக்கு நெஞ்சு ஒருக்கா நிண்டுபோச்சு. "இறங்காதை பிள்ளை" எண்டு தனிய இருந்த வீட்டுக்குள்ள வாய்விட்டுக் கத்திப்போட்டன்.

அவள் வேருக்குக் கீழ கையை விட்டு இழுத்தெடுத்தது பச்சை இரும்புப் பெட்டி. பாத்தவுடனயே எனக்கு விளங்கீட்டுது, அது ரவைப்பெட்டி. மூடியில றப்பர் இருக்கிறபடியால் மழைத்தண்ணி போகாது, அதுதான் இந்த விளையாட்டுக்காரருக்கு விருப்பம் எண்டு நீ எழுதியிருந்தாய். சரிதான். ஆனால் வகுப்புச் சுவரில அந்தப் படங்களை ஒட்டினது நான். மிதிவெடி, கைக்குண்டு, எறிகணை, கீழ ஒரு மண்டையோடு. "தெரியாத சாமானைத் தொடாதேங்கோ, தெரிஞ்ச பாதையால மட்டும் போங்கோ" எண்டு ஒவ்வொரு தவணையும் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்தனான். உனக்கும்தான். நீயும் அப்பிடியேதான் வளந்தாய்.

உன்னை ஏச எழுதேல்லை, மகள். உன்ர பிள்ளை பாதையை விட்டு இறங்குறாள், தெரியாத பெட்டியைத் திறக்கிறாள், திறந்து சிரிக்கிறாள். அதைப் பாக்கத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தனான்.

அவளுக்கு நீ இந்த விளையாட்டின்ர கதையைச் சொல்லியிருப்பாய். நான் இஞ்ச இருந்து தேடிப் படிச்சதில ஒண்டைச் சொல்லவேணும். 2000 ஆம் ஆண்டு மே 1 ஆம் திகதி இரவோட, பொதுசனத்துக்கு வாற ஜிபிஎஸ் குறியை வேணுமெண்டு குழப்பிக்கொண்டிருந்ததை அமெரிக்கா நிப்பாட்டினது. அதுக்கு முந்தி 100 மீற்றர் மட்டும் பிழைக்கும். ரெண்டு நாள் கழிச்சு, மே 3 ஆம் திகதி, ஒரேகன் மாநிலத்தில டேவ் அல்மர் எண்ட மனிசன் ஒரு கறுப்பு வாளியைக் காட்டோரமாப் புதைச்சு, அந்த இடத்தின்ர அகலாங்கையும் நெட்டாங்கையும் எல்லாருக்கும் அறிவிச்சார். ஏதாவது எடு, ஏதாவது வை, கொப்பியில எழுது. அவ்வளவுதான் சட்டம். அந்த வாளியில இருந்து தொடங்கினதுதான் இவ்வளவும்.

அந்த மேயில நாங்கள் எங்க இருந்தனாங்கள் எண்டு யோசிச்சுப் பார். ஏப்ரல் 22 ஆனையிறவு ஆமி முகாம் விழுந்தது. தென்மராட்சிப் பக்கம் இரவு பகலா வெடிச்சத்தம். நீ குப்பி விளக்கில ஓ.எல். சோதினைக்குப் படிச்சுக்கொண்டிருந்தனி. நான் உடுப்புப் பையை வாசலில வைச்சுக்கொண்டு, இந்த முறை எந்தப் பக்கம் ஓடுறது எண்டு கொப்பாவைக் கேட்டுக்கொண்டிருந்தனான். அதே கிழமை, உலகத்தின்ர மற்றப் பக்கத்தில ஒருத்தர் முன்பின் தெரியாத ஆக்கள் வந்து எடுக்கட்டும் எண்டு பொருளைப் புதைச்சிருக்கிறார். எனக்கு அதில கோவம் ஒண்டும் வரேல்லை. ஆனால் திகதியைப் பாத்திட்டுக் கனநேரம் அப்பிடியே இருந்திட்டன்.

நாங்களும் புதைச்சனாங்கள், மகள். உனக்கு அப்ப ஆறு வயது, கொஞ்சம்தான் நினைவிருக்கும். 1990 ஆனி மாசம் மாவிட்டபுரத்தில இருந்து வெளிக்கிட்ட நேரம் சைக்கிள் ரெண்டுதான். நீ முன் பாரில. அம்மம்மாவின்ர பித்தளைக் குத்துவிளக்கையும் அடுக்குச் சட்டியளையும் பெரிய செம்பையும் என்ன செய்யிறது? கொப்பா உரப்பையில சுத்திக் கிணத்தடிப் பக்கம் இரவோட இரவாப் புதைச்சார். ரெண்டு கிழமையில திரும்பிடலாம் எண்டுதான் நினைச்சம். "கிணத்துக் கட்டில இருந்து மாமரத்துக்கு நேர ஏழு எட்டு" எண்டு எனக்குச் சொன்னார். பிறகும் எத்தினையோ தரம் சொல்லியிருக்கிறார், சாவகச்சேரியில இருக்கேக்கையும், கடைசியா ஆசுப்பத்திரியில கிடக்கேக்கையும்.

ஆமி காணியைத் திருப்பி விட்ட நேரம் அவர் செத்து மூண்டு வருசம். நானும் சின்ன மாமாவும்தான் போனனாங்கள். வீடு இல்லை, மாமரம் இல்லை, வேலி இல்லை, ஒழுங்கை எது வளவு எது எண்டே தெரியேல்லை. எல்லாம் நாயுண்ணிப் பத்தை. ரெண்டாந்தரம் பத்தை வெட்டிப் போன நேரம்தான் மண் மூடின கிணத்துக் கட்டின்ர அரை வட்டம் கண்ணில பட்டுது. சரி, கட்டு கிடைச்சிட்டுது. மாமரம் எந்தப் பக்கம்? நான் ஒண்டு சொல்ல மாமா ஒண்டு சொன்னார். அப்பதான் இன்னொரு சந்தேகமும் வந்தது. அவர் சொன்னது ஏழு எட்டோ, ஏழெட்டோ? கால் எட்டி வைக்கிற எட்டோ, ஏழுக்கு அடுத்த எட்டோ? இவ்வளவு வருசமும் காதால கேட்ட எனக்கு அதை ஒருக்காக் கேட்டுத் தெளியத் தோணேல்லை. ஏழு எட்டுத்தான் எண்டாலும் அவரின்ர காலால ஏழு. அவர் எவ்வளவு உயரம் எண்டு உனக்குத் தெரியும். மூண்டு இடத்தில கிண்டினம். ஓட்டுத் துண்டு மட்டும்தான் வந்தது. பிறகு விட்டிட்டம்.

உன்ர விளையாட்டைப் படிக்கேக்க எனக்கு இந்த ஒண்டுதான் மனசில நிண்டது. மரத்தையும் வேலியையும் நம்பி வைச்ச அடையாளம் மரத்தோடயும் வேலியோடயும் போயிடும். அகலாங்கு நெட்டாங்கின்ர பாகையும் கலையும் போகாது. கலைக் கணக்கில மூண்டாம் தசமம் ரெண்டு மீற்றருக்கும் உள்ள வரும். புவியியல் படிப்பிச்சு முப்பது வருசம் கரும்பலகையில கோடு கீறின எனக்கு, அதைச் சொந்தக் காணிக்குப் பாவிக்கலாம் எண்டு தெரியாமல் போச்சு. போன சனிக்கிழமை அந்தப் பெடியனோட பஸ்ஸில மாவிட்டபுரம் போய், கட்டடியில நிண்டு, போன் அமைதியாகும் மட்டும் பொறுத்து, மூண்டு தரம் வாசிச்சு எழுதிக்கொண்டு வந்தனான். மூண்டும் கடைசித் தசமத்திலதான் வித்தியாசம்.

சின்னவளுக்கு இதையும் சொல்லிக் குடு. அந்த அம்புக்குறி காட்டுக்குள்ள ஏன் சுத்தினது எண்டு அவள் கேட்டவளாம். செய்மதியள் 20,000 கிலோமீற்றருக்கு மேல நிண்டு நேரம் சொல்லுதுகள். ஒவ்வொண்டிலயும் அணு மணிக்கூடு இருக்கு. சொன்ன நேரத்துக்கும் வந்து சேந்த நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரம். மூண்டு செய்மதி இடத்தைக் காட்ட, நாலாவது எங்கட போன் மணிக்கூட்டின்ர பிழையைத் திருத்த. அந்தக் குறி மிச்சம் மெல்லிசு. உங்கட காட்டு மரங்களின்ர ஈர இலையில பட்டு அது தளம்பிப் போகும். எங்கட பனங்கூடலுக்குள்ள அந்தக் கரைச்சல் குறைவு, தலைக்கு மேல வானம் தாராளமாத் தெரியும்.

இனி நான் சொல்ல வந்த விசயம்.

நீங்கள் போன பாதை நாலு ஊற்று. முதல் ஊற்றில கல்லில வெட்டின எண், ரெண்டாவதில மரப்பாலத்துப் பலகைகளின்ர எண்ணிக்கை எண்டு சேத்துச் சேத்து அடுத்த இடத்துக்குப் போற மாதிரி. அந்தத் தண்ணி எங்கயிருந்து வருது எண்டு மருமகனைக் கேட்டனான். ஜேர்மனியில இருக்கிற அந்தப் பாடர்போர்ன் நகரத்தின்ர பேரில 'போர்ன்' எண்டால் ஊற்றாம். நகரத்துக்கு நடுவில 200 க்கு மேற்பட்ட ஊற்று கிளம்பி, பாடர் ஆறாகி, நாலே கிலோமீற்றர் ஓடி லிப்பே ஆத்தில விழுகுதாம். மேட்டு நிலத்தில பெய்யிற மழை சுண்ணாம்புக்கல் வெடிப்பால உள்ள இறங்கி, நிலத்துக்குக் கீழால வந்து ஊருக்குள்ள எழும்புது. வாசிச்ச உடன எனக்கு மயிர் கூச்செறிஞ்சுது. எங்கட நிலமும் உதேதான், பிள்ளை. எங்களுக்கு வருசம் முழுக்க ஓடுற ஆறு கிடையாது. வழுக்கையாறும் மாரிக்குத்தான். மழை சுண்ணாம்புக்கல்லுக்குள்ள இறங்கி, அடியில கிடக்கிற உப்புத்தண்ணிக்கு மேல நன்னீராய் மிதக்குது. அதைத்தான் கிணத்தில அள்ளுறம், அதுதான் கீரிமலையில கடலுக்குப் பக்கத்தில கிளம்புது. நிலாவரைக் கிணத்தில போட்ட தேசிக்காய் கீரிமலையில மிதக்கும் எண்டு அம்மம்மா சொல்லுவா. அது கதை. ஆனால் தண்ணி நிலத்துக்குக் கீழால வெடிப்பு வழிய ஓடுது எண்டதைப் புத்தகம் படிக்காத சனம் அப்பிடிச் சொல்லி வைச்சிருக்குது.

அப்பிடி ஓடுற தண்ணியில நல்லதும் ஓடும் கெட்டதும் ஓடும். சுன்னாகப் பக்கம் கிணறுகளில எண்ணெய் கலந்து சனம் பவுசர் தண்ணிக்கு நிண்டதை நீ கேள்விப்பட்டிருப்பாய். தோட்டத்துக்குக் கொட்டுற யூரியாவும் அதே வெடிப்பாலதான் இறங்குது. எனக்கு இது பெரிய கவலை. பிள்ளையள் தண்ணியின்ர வழியைத் தெரிஞ்சால்தான் அதில கைவைக்க யோசிப்பினம்.

ஆடியில நீங்கள் வாறியள்தானே. சின்னவளுக்கு நான் ஒரு தேடல் செய்து வைக்கிறன். நிலாவரையில தொடங்கி, மாவிட்டபுரம், பிறகு கீரிமலை. ஆனால் பெட்டி வைக்கமாட்டன். இஞ்ச ஒருத்தர் கல்லுக்குக் கீழ கையை விட்டு ஒரு பெட்டியை ஒளிச்சால் கண்ட சனம் பயப்படும், பயப்பட நியாயமும் இருக்கு. தேடிப் பாக்கேக்க ஒண்டு அம்பிட்டுது: 2004 இல இருந்து 'எர்த்கேஷ்' எண்டு ஒரு வகை இருக்காம். அதில பெட்டியே இல்லை. இடத்துக்குப் போய், நிலத்தையும் தண்ணியையும் பாத்து, கேட்ட கேள்விக்கு மறுமொழி எழுதவேணும். எங்கட ஊருக்கு அதுதான் சரி. எடுக்க ஒண்டுமில்லை, புதைக்க ஒண்டுமில்லை.

நிலாவரையில தண்ணி என்ன நிறம், கட்டில இருந்து எவ்வளவு கீழ நிக்குது எண்டு எழுதவேணும். மாவிட்டபுரத்தில ஊரின்ர பேருக்குக் கதை. குதிரை முகத்தோட வந்த இளவரசி மாருதப்புரவீகவல்லி கீரிமலையில தீர்த்தமாடி முகம் மாறின கதையை நான் கோயில் வீதியில இருந்து சொல்லுவன், 'மா' எண்டால் என்ன எண்டு அவள் கண்டுபிடிக்கவேணும். கீரிமலையில பெண்கள் கேணித் தண்ணியையும் கடல் தண்ணியையும் நாக்கில வைச்சுப் பாத்து, ரெண்டுக்கும் நடுவில எத்தினை எட்டு எண்டு தன்ர காலால அளக்கவேணும். நாங்கள் மூண்டு பேரும் கேணிக்குள்ள இறங்குவம். ஆடி அமாவாசைக்கு முந்தின கிழமை எண்டால் சனம் குறைவு. அமாவாசையண்டு கொப்பாவுக்கு விரதம் இருக்கிறதைப் பற்றி நீதான் முடிவு சொல்லவேணும், நான் வற்புறுத்தேல்லை.

கடைசியா எங்கட கிணத்துக் கட்டு. அந்த வளவுக்குள்ள மிதிவெடி எடுக்கிற ஆக்கள் கயிறு கட்டி வடிவாப் பாத்து முடிச்சுத்தான் தந்தவை. கிண்ட வேண்டாம். கட்டில இருந்து அவள் எந்தப் பக்கம் நடந்தாலும் எனக்குச் சந்தோசம்.

உங்கட ஆக்கள் குப்பை பொறுக்கிக்கொண்டு வாற பை ஒண்டு படத்தில கண்டன், அதையும் கொண்டு வாங்கோ. கீரிமலையில பிளாஸ்ரிக் கிடக்குது. எழுத பென்சில் கொண்டுவரச் சொல்லு, பேனை மை தண்ணியில கரையும். சப்பாத்து வேண்டாம், செருப்புக் காணும்.

அந்தக் கட்டின்ர அகலாங்கில ஒரு இலக்கத்தை நான் வெறுமையா விட்டிருக்கிறன். பெண்கள் கேணிக்குள்ள இறங்கிற படிகளை எண்ணினால் அது வரும். ஞாயிற்றுக்கிழமை போய் ரெண்டு தரம் எண்ணிப் பாத்து எழுதி வைச்சிட்டன். உனக்குச் சின்ன வயதில எண்ணின நினைவு இருந்தாலும் அவளுக்குச் சொல்லிப்போடாதை.

அன்புடன்,
அம்மா