பையன் ராஜாவைப் பற்றிச் செல்வத்துக்கு

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை மட்டும் நேரம் தவறாமல் விடச் சொல். இங்கே எல்லோரும் சௌக்கியம். சின்னவளுக்குப் பள்ளிக்கூடத்தில் இப்போது இங்கிலாந்து ராஜா இரண்டாம் ரிச்சர்ட் பாடம் நடக்கிறது, அவள் படிக்கிறாளோ இல்லையோ நான் விழுந்து விழுந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

14 வயதில் கலகக் கூட்டத்துக்கு முன்னால் குதிரையில் போய் நின்றவன், 32 வயதில் ஒரு சண்டைகூடப் போடாமல் எப்படிடா கிரீடத்தைப் பறிகொடுத்தான் என்று கேட்டிருந்தாயே. தைரியம் போய்விட்டது என்று நீ சொல்கிறாய். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் கொடுக்கும் வாக்குக்கு மதிப்பில்லாமல் போய்விட்டது, அதுவும் அவனே தன் கையால் கெடுத்துக்கொண்டது.

முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா கறுப்பு இளவரசர் 1376-இல் போய்விட்டார், அடுத்த வருஷமே தாத்தா மூன்றாம் எட்வர்டும் போய்விட, 1377 ஜூலை 16 அன்று பத்து வயதுப் பிள்ளைக்கு லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் முடிசூட்டினார்கள். மணிக்கணக்கில் நீண்ட சடங்கில் பையன் துவண்டுபோக, அவனை வளர்த்த ஆசான் சைமன் பர்லி தோளில் தூக்கிக்கொண்டு அரண்மனைக்கு நடந்தாராம், நெரிசலில் பையனின் காலிலிருந்து ஒரு செருப்பு நழுவி விழுந்து தொலைந்தே போனது. ராஜ பரம்பரைச் செருப்பு, சும்மா இல்லை! இந்த பர்லியை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருவார்.

அப்புறம் 1381. பிரான்ஸோடு நடந்த போருக்குப் பணம் வேண்டும் என்று 15 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் தலைக்கு 12 பென்ஸ் வரி போட்டார்கள். நாலு வருஷத்துக்கு முன் இதே வரி 4 பென்ஸ்தான். கென்ட்டிலும் எசெக்ஸிலும் ஜனங்கள் கொதித்து எழுந்து லண்டனுக்குள் நுழைந்தார்கள். அவர்கள் கூடாரம் போட்ட பிளாக்ஹீத் எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரம்தான், இப்போது லண்டன் மாரத்தான் அங்கிருந்துதான் கிளம்புகிறது. மைல் எண்டில் ராஜா அவர்களைச் சந்தித்து, இனி யாரும் பண்ணையடிமை இல்லை என்று வாக்குக் கொடுத்தான், எழுத்தர்கள் உட்கார்ந்து சாசனம் சாசனமாக எழுதித் தள்ளினார்கள். மறுநாள் ஸ்மித்ஃபீல்டில் பேச்சுவார்த்தை நடக்கும்போதே லண்டன் மேயர் வால்வொர்த் கலகத்தலைவன் வாட் டைலரை வெட்டிச் சாய்த்தார். கூட்டம் வில்லை வளைத்துவிட்டது. அந்த நொடியில் இந்தப் பையன் குதிரையைத் தட்டிக்கொண்டு அவர்களை நோக்கிப் போய், நானே உங்கள் தலைவன், என்னோடு வாருங்கள் என்கிறான், அவர்களும் பின்னாலேயே போகிறார்கள்! நீ மெச்சுகிற தைரியம் இதுதான், நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஜூலை 2-ஆம் தேதி செம்ஸ்ஃபோர்டில் அத்தனை சாசனமும் செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். பக்கத்திலிருந்த பெரியவர்கள் செய்ய வைத்திருக்கலாம், 14 வயதுதானே. ஆனால் கொடுத்த வாக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டால் ஒன்றும் ஆகாது என்ற பாடத்தை அவன் அங்கேதான் கற்றான் என்று நினைக்கிறேன்.

1388-இல் பிரபுக்கள் கூடி, ராஜாவுக்கு வேண்டியவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக் கட்டினார்கள். இரக்கமற்ற பாராளுமன்றம் என்றே அதற்குப் பெயர். பர்லியும் மாட்டிக்கொண்டார். ரிச்சர்டின் மனைவி ராணி ஆன் அவர் உயிருக்காக அந்தப் பிரபுக்களில் ஒருவரான அருண்டெல் முன்னால் மண்டியிட்டுக் கெஞ்சிப் பார்த்தாள். அருண்டெல் மசியவில்லை, பர்லியின் தலை போனது. தன்னைத் தோளில் சுமந்த மனிதர், செல்வம். ரிச்சர்ட் வாயைத் திறக்காமல் ஒன்பது வருஷம் பொறுத்திருந்தான். நடுவில் 1394-இல் ஆன் இறந்துபோனாள். அவள் இறந்த ஷீன் அரண்மனையையே இடிக்கச் சொல்லிவிட்டான், அவ்வளவு பித்து அவள்மேல். இறுதிச் சடங்குக்கு அருண்டெல் தாமதமாக வந்து, சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று வேறு கேட்க, பிரம்பைப் பிடுங்கி அவர் தலையிலேயே ஒரு போடு. அபேயின் தரையில் ரத்தம். எனக்கு அவன்மேல் கோபம் வரமாட்டேன் என்கிறது.

1397-இல் கணக்குத் தீர்த்தான். அருண்டெலின் தம்பி கேன்டர்பரி பேராயர், அவரிடம் உங்கள் அண்ணனுக்கு ஒரு தீங்கும் வராது என்று சத்தியம் செய்து வரவழைத்து, அருண்டெலுக்குத் தானே முன்பு கொடுத்திருந்த மன்னிப்புப் பத்திரத்தையும் ரத்து செய்து, லண்டன் டவர் குன்றில் அவர் தலையை வெட்டினான். சித்தப்பா கிளஸ்டர் கலே கோட்டைச் சிறையில் செத்தார். சித்தப்பா மகன் ஹென்றியை 1398-இல் நாடுகடத்தினான், ஆனால் அப்பா இறந்தால் உன் சொத்து உனக்கே வரும் என்று எழுதிக் கொடுத்திருந்தான். 1399 பிப்ரவரியில் ஹென்றியின் அப்பா இறந்தார், மார்ச்சில் அந்தப் பத்திரத்தையும் கிழித்துப்போட்டு ஹென்றிக்கு வரவேண்டிய லங்காஸ்டர் குடும்ப நிலங்களை அபகரித்துக்கொண்டான். ஹென்றிக்கே இந்தக் கதி என்றால் நமக்கு எந்தப் பத்திரம் நிற்கும் என்று நிலம் வைத்திருந்த ஒவ்வொருவனுக்கும் அன்று ராத்திரி தூக்கம் வந்திருக்காது. இத்தனையும் செய்துவிட்டு ஐயா படையோடு அயர்லாந்துக்குக் கிளம்பினார் பார், அதுதான் உச்சம்.

ஜூலையில் ஹென்றி யார்க்‌ஷரில் கரை இறங்கினான், என் சொத்தைக் கேட்கத்தான் வந்தேன் என்றான், ஆட்கள் திரண்டார்கள். ரிச்சர்ட் வேல்ஸுக்குத் திரும்பி வருவதற்குள் படை கரைந்துபோயிருந்தது. கான்வி கோட்டையில் ஒதுங்கினான். அங்கே நார்தம்பர்லாண்ட் பிரபு வந்து, உங்கள் கிரீடத்துக்கு ஆபத்தில்லை என்று திருப்பலி அப்பத்தின்மேல் சத்தியம் செய்தார். நம்பி வெளியே வந்தவனை வழியிலேயே மடக்கி ஃபிளின்ட் கோட்டையில் ஹென்றியிடம் ஒப்படைத்தார்கள். பாராளுமன்றத்தில் 33 குற்றச்சாட்டுகளோடு பதவி பறிபோனது, ஹென்றி ராஜாவானான். 1400 ஜனவரியில் அவனுக்காகச் சிலர் கலகம் செய்து தோற்றார்கள், பிப்ரவரியில் பாண்டிஃப்ராக்ட் கோட்டையில் அவன் இறந்தான். பட்டினி என்பதுதான் பலரும் நம்புவது.

ஆனுக்குப் பக்கத்தில் தனக்கும் சேர்த்து அவன் முன்பே கட்டிவைத்த சமாதிக்கு உடல் வந்து சேர 1413 ஆனது, அதுவும் ஹென்றியின் மகன் புண்ணியத்தில். அப்புறமும் விட்டார்களா? சமாதியின் பக்கவாட்டில் இருந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு, 1766-இல் ஒரு பள்ளிக்கூடப் பையன் தாடை எலும்பை உருவிக்கொண்டு போனான், 1906-இல்தான் திரும்ப வைத்தார்கள். மேலே இருவரும் கைகோத்துப் படுத்திருக்கும் சிலையில் அந்தக் கைகளையும் யாரோ களவாடிவிட்டார்கள்.

ஹென்றி செய்தது நியாயம்தான் என்று நீ வாதாடுவாய், தெரியும். எழுது, பதில் வைத்திருக்கிறேன். மூத்தவனின் கல்யாணத் தேதி முடிவானதும் உடனே சொல், டிக்கெட் எடுக்க வேண்டும்.

அன்புடன்,
குமரன்